எல்லையும் மதிப்பும்

மார்ச் 4

சுண்டு,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் ‘கிளாஸ்ல இருக்கேன்ணா, அப்புறம் கூப்பிடுறேன்’ என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால் கடிதம். எனக்கும் இதுதான் வசதி. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறேன். இடது கையில் இரண்டு ஊசி, அசைக்கக் கூடாது. வலது கை சும்மாத்தான் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரர். படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெண், அதான் உன் மருமகள், பரீட்சை முடித்த கையோடு பழைய பேப்பர் கட்டில் போட்டிருந்த கணக்குப் புத்தகத்தை, பொழுதுபோகட்டும் என்று எடுத்துவந்தேன். அதில் ‘எல்லை’ என்று ஒரு பாடம். தலைப்பைப் பார்த்ததும் இது நமக்குத் தெரிந்த சமாச்சாரம் ஆயிற்றே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினெட்டு வருடமாக எடைமேடையில் நான் பார்ப்பது அந்த வேலைதானே. எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று லாரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் எடைச் சீட்டு கிடையாது, வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான். ‘அம்பது கிலோதானே சார், பாத்து விடுங்க’ என்று டிரைவர் தலையைச் சொறிவார். லிமிட் என்றால் லிமிட். டாக்டரும் எனக்கு அப்படித்தான் எழுதிக்கொடுத்திருக்கிறார். மாத்திரை விழுங்குவதையும் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். கூட ஒரு மடக்கு குடித்தாலும் அடுத்த முறை இங்கே எடை மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். ஊர் லாரியையெல்லாம் எடைபோட்டவனை இப்போது ஒரு நர்ஸ் எடைபோடுகிறாள்.

ஆனால் புத்தகத்தில் இருக்கும் எல்லை வேறு ஜாதியாக இருக்கிறது. தாண்டாதே என்று எங்கேயும் சொல்லவில்லை. நெருங்கு, இன்னும் நெருங்கு என்கிறது. போய்ச் சேர்வதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. இது என்ன எல்லை? ‘எக்ஸ் ஒன்றுக்கு மிக அருகில் போகும்போது’ என்று ஒரு வரி வருகிறது. நான் ஒன்றுக்குப் போயே இரண்டு வருடம் ஆகிறதே என்று நர்ஸிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நீ சிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் தங்கையாக இருக்கும்போது நான் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் பிரஷர் எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே. உப்பைக் குறை. எனக்குக் கிட்னி கொடுக்க முடியாமல் போயிற்றே என்று நீ இன்னும் மருகிக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். நாலு வருடம் ஓடிவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் பிரஷர் என்று டாக்டர் உன்னைத் திருப்பி அனுப்பினால் நீ என்ன செய்வாய்? உடம்பு ஒத்துழைக்கவில்லை. விட்டுத்தள்ளு.

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

நீ கேட்டது நியாயமான கேள்வி. தாண்டக் கூடாததற்கு எங்கள் பாடத்தில் வரம்பு என்று வேறொரு சொல் வைத்திருக்கிறோம். உன் லாரிக்கு எழுதியிருப்பதும், உனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்திருப்பதும் வரம்பு. பேச்சில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். ‘எல்லை மீறிப் பேசாதே’ என்கிறோம், ‘வரம்பு மீறிப் பேசாதே’ என்றும் சொல்கிறோம். கணக்கில் எல்லை வேலி இல்லை. ஒன்று எதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறதோ அது. போய்ச் சேரலாம், சேராமலும் இருக்கலாம்.

கையில் பேனா இருக்கிறதல்லவா, ஒரு கணக்குப் போட்டுப் பார். எக்ஸை எக்ஸால் பெருக்கி ஒன்றைக் கழி. அதை மேலே எழுது. எக்ஸில் ஒன்றைக் கழித்துக் கீழே எழுது. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகு. எக்ஸுக்குப் பதில் 0.9 போடு. பிறகு 0.99 போடு. அதற்குப் பிறகு எத்தனை ஒன்பது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள். 1.1, 1.01 என்று அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து பார். விடை இரண்டை நெருங்கிக்கொண்டே போகும். ஆனால் சரியாக ஒன்றைப் போட்டால் மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். அங்கே விடையே கிடையாது. இருந்தாலும் எல்லை இரண்டுதான்.

நெருங்குவது என்றால் எவ்வளவு என்று நீ கேட்பாய். அதைச் சவால் மாதிரி வைத்துக்கொள். நீ ஒரு இடைவெளி சொல். நூறில் ஒரு பங்கு, லட்சத்தில் ஒரு பங்கு, எதுவானாலும் சரி. இரண்டுக்கும் எனக்கும் நடுவில் அதைவிடக் குறைவான தூரம் இருக்கும்படி நான் வந்து காட்ட வேண்டும். காட்டினால் மட்டும் போதாது, அதற்கப்புறம் அங்கிருந்து விலகாமலும் இருக்க வேண்டும். நீ எவ்வளவு சின்ன இடைவெளி சொன்னாலும் நான் தோற்கவில்லை என்றால், இரண்டுதான் எல்லை.

பிரஷர் பரவாயில்லை. வீட்டில் எல்லோரும் நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 27

சுண்டு,

போட்டுப் பார்த்தேன். பழைய எடைச் சீட்டுகளின் பின்பக்கம் முழுக்க ஒன்பதாக எழுதித் தள்ளியிருக்கிறேன். 0.9-க்கு 1.9 வந்தது. 0.99-க்கு 1.99. மூன்றாவது ஒன்பதில் தையல்காரர் எழுந்துவிட்டார். அவரிடம் உன் சவாலைச் சொன்னேன். அவர் ஆயிரத்தில் ஒன்று என்றார், வந்து காட்டினேன். கோடியில் ஒன்று என்றார், அதற்கும் வந்து காட்டினேன். ‘நூல் கனத்துக்கு வித்தியாசம் இருந்தாக்கூட வித்தியாசம் வித்தியாசம்தானே சார், நீங்க இன்னும் ரெண்டைத் தொடலையே’ என்றார். சட்டை தைக்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். நான் விடவில்லை. தொடுவது பேச்சில்லை, எந்த நூலைக் காட்டினாலும் அதைவிடக் கிட்டே வருவேன், அதுதான் பேச்சு என்றேன். உன் பெயரைக் காப்பாற்றினேன்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஒன்றில் விடையே கிடையாது என்று எழுதியிருந்தாய். சரி, அந்தக் காலியிடத்தில் யாராவது வேண்டுமென்றே ஏழு என்று எழுதிவைத்துவிட்டால்? சுற்றிலும் எல்லாம் இரண்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, அந்த ஒரே இடத்தில் மட்டும் ஏழு. அப்போது எல்லை என்ன ஆகும்? மாறிவிடுமா?

இன்னொன்று. பிரஷர் ‘பரவாயில்லை’ என்றால் என்ன அர்த்தம்? நம்பர் சொல். எடைமேடைக்காரனிடம் ‘பரவாயில்லை’ செல்லாது.

இதையும் சொல்லிவிடுகிறேன், நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆபரேஷன் நின்றுபோன அடுத்த வாரம் உன் அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள், ‘அவங்களுக்குப் பிரஷரெல்லாம் இல்லைங்க. பயந்துட்டாங்க. பயப்படறதும் தப்பில்லைதானே.’ எனக்கு வந்ததே கோபம். என் தங்கையைப் பற்றி என் வீட்டில் நின்று இப்படிப் பேசுகிறாளே என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மாதம்தான் நான் டயாலிசிஸுக்குப் புதிது. மூன்று நாளும் அவள்தான் கூட வருவாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. கடைசியில் அவளே ‘தெரியாம சொல்லிட்டேன்’ என்று மன்னிப்புக் கேட்டாள். உனக்கும் அவளையே போனில் கூப்பிட்டு நலம் விசாரிக்கச் சொன்னேன். நினைவிருக்கிறதா? காரணம் உனக்குத் தெரிந்திருக்காது. அண்ணன் உன்னை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை என்று தெரிய வேண்டும் என்றுதான் இப்போது சொல்கிறேன். அதனால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அங்கேயே கிடக்காமல், லீவு விட்டதும் கிளம்பி வா.

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணா,

உன் கேள்விக்குப் பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். அந்த ஒன்றில் ஏழு என்று எழுதினாலும் எல்லை மாறாது. இரண்டுதான். எல்லை பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்க்கும், அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்காது. அங்கே நடந்தது மதிப்பு. எல்லையும் மதிப்பும் ஒன்றாக இருந்தால் அங்கே தொடர்ச்சி இருக்கிறது என்போம். வேறு வேறாக இருந்தால், அறுந்துபோயிற்று என்று அர்த்தம்.

இவ்வளவையும் எழுதி ஒன்பது நாள் ஆகிறது. தாளை மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

எனக்குப் பிரஷர் இல்லை, அண்ணா. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அண்ணி சொன்னதுதான் உண்மை.

எல்லாப் பரிசோதனைக்கும் வந்தேனே, அது பொய்யில்லை. ரத்தம் கொடுத்தேன், ஸ்கேன் எடுத்தேன், ஐந்து மாதத்தில் பதினோரு முறை பஸ் ஏறி வந்தேன். ஒவ்வொரு முறையும், கொடுக்கப்போகிறேன் என்றுதான் வந்தேன். முந்தின நாள் மாலை நர்ஸ் வந்து என் இடுப்புக்கு மேலே பேனாவால் ஒரு கோடு போட்டாள். ‘இங்கதான், பயப்படாதீங்க’ என்றாள். அவள் போன பிறகு கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் படித்தேன். கொடுக்கிறவர்களில் மூவாயிரத்தில் ஒருவர் இறந்துபோகலாம் என்று அதில் இருந்தது. அது எவ்வளவு சின்ன எண் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கணக்காக இருந்திருந்தால் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்லியிருப்பேன். அந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

டாக்டர் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டார். ‘எல்லாரையும் கேக்கறதுதான். இப்பவும் நீங்க வேண்டாம்னு சொல்லலாம். சொன்னா காரணம் யாருக்கும் தெரியாது. மருத்துவ ரீதியா பொருந்தலைன்னு மட்டும் நாங்க சொல்லுவோம்’ என்றார். அதற்கு முன்னாலும் இரண்டு முறை அவர் அதையே கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் ‘எனக்குச் சம்மதம்’ என்று சொன்னவள் அன்றைக்கு, ‘சொல்லிடுங்க’ என்றேன். அவ்வளவுதான். ஒரே சொல்.

டாக்டர் வெளியே வந்து, பொருந்தவில்லை என்று மட்டும்தான் சொன்னார். நீ சக்கர நாற்காலியில் இருந்தாய். ‘ஏன், என்னவாம்?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். ‘பிரஷராம்’ என்றேன். வேறு யாரோ சொன்ன மாதிரி ‘ஆம்’ போட்டுச் சொன்னேன். நீ என் கையைப் பிடித்து, ‘அழாத சுண்டு, நீ உன் உடம்பைப் பாத்துக்க’ என்றாய். நான் எதற்கு அழுதேன் என்று நினைக்கிறாய்? தப்பித்துவிட்டேன் என்றுதான் அழுதேன்.

என் பிள்ளைக்காக என்று சொல்லலாம். அவருக்காக என்று சொல்லலாம். உன் மாப்பிள்ளை கடைசிவரை என்னைத் தடுக்கவில்லை. யாருக்காகவும் இல்லை. எனக்குப் பயம்.

நாலு வருடமாக நீ என் பிரஷரை விசாரித்துக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அந்தக் கேள்வி வருமே என்றுதான் எடுக்காமல் இருந்தேன். இப்போது எனக்காக அண்ணியோடும் ஒரு மாதம் பேசாமல் இருந்தாய் என்கிறாய். இதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

தங்கை


ஜூன் 2

அண்ணா,

ஆறு வாரம் ஆகிவிட்டது. பதில் வராது என்று தெரிந்தும் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். இப்போது கொடுக்கிறேன். வெறும் வாயால் சொல்லவில்லை. இங்கே ஒரு டாக்டரைப் பார்த்து மறுபடியும் எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று. வீட்டிலும் சொல்லிவிட்டேன். பயம் போகவில்லை. பயத்தோடுதான் வருகிறேன். தேதி மட்டும் சொல்.

தங்கை


ஜூன் 20

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன.

முதல் கடிதத்தை இந்த நாற்காலியில் வைத்துத்தான் படித்தேன். படித்து முடித்தபோது மெஷின் கத்த ஆரம்பித்தது. கையை அசைத்துவிட்டேன் போலிருக்கிறது. நர்ஸ் ஓடிவந்தாள். ‘என்ன சார், யார்கிட்டேர்ந்து லெட்டர்?’ என்றாள். யாருமில்லை என்றேன்.

வீட்டுக்குப் போய் உன் அண்ணியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். நான், ‘நீ அன்னிக்குச் சொன்னது சரி. நான்தான் தப்பு’ என்றேன். ‘எனக்குத் தெரியும்ங்க. அவங்க குடுக்காததுகூட எனக்குப் பெருசா இல்ல. அந்த ஒரு மாசம் பெஞ்சுல உக்காந்திருந்தேனே, ஒரு வார்த்தை பேசினீங்களா?’ என்றாள். சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். அன்றைக்குக் கொடியில் துணியே இல்லை. நாலு வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டால் இவ்வளவுதான் கிடைக்கும்.

அவ்வளவு தூரம் வந்தேன், பதினோரு முறை பஸ் ஏறினேன் என்று எழுதியிருக்கிறாய். எடைமேடைக்கு நூறு அடி தள்ளி நிற்கிற லாரிக்கு நான் சீட்டு எழுதுவதில்லை. ஓர் அடி தள்ளி நின்றாலும் எழுதுவதில்லை. புத்தகத்துக்கு வேண்டுமானால் கிட்டே வந்தது போதும். எனக்கு அந்த ஒரு நாள்தான் வேண்டியிருந்தது.

நீ பயந்ததைக்கூட என்னால் விழுங்கிக்கொள்ள முடிகிறது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நாலு வருடம் என்னை உப்பைக் குறை, உப்பைக் குறை என்று சொல்லவிட்டு வேடிக்கை பார்த்தாயே. கண்டவர்களிடமெல்லாம் உனக்குப் பிரஷருக்கு எது நல்லது என்று விசாரித்துவைத்தேன்.

இப்போது தருகிறேன் என்கிறாய். இனி முடியாது. என் இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறதாம். ஆபரேஷன் தாங்காது என்று டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். காத்திருப்போர் பட்டியலிலிருந்தும் என் பெயரை எடுத்தாயிற்று. உனக்கு அப்போது ஏன் சொல்லவில்லை தெரியுமா? கேட்டால் உனக்குப் பிரஷர் ஏறிவிடும் என்று.

வராதே. வந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

அண்ணன்


ஜூலை 3

அண்ணா,

வரவில்லை. நீ சொன்னபடி இருக்கிறேன்.

நியாயம் கேட்க எழுதவில்லை. இந்தச் சில நாளாக ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. ‘எல்லாத்துக்கும் ஒரு எல்லை இருக்கு’ என்று நாம் எப்போது சொல்கிறோம்? எதிரில் இருப்பவர்மேல் கோபம் வந்தால் சொல்கிறோம். எனக்கு ஒரு எல்லை இருக்கிறது, என்னால் இவ்வளவுதான் முடியும் என்று தன்னைப் பற்றிச் சொல்கிறவர் யாரையும் நம் வீட்டில் நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்ல வரவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் நீ ஆறு மாதம் கோபமாக இருந்திருப்பாய். அந்த ஆறு மாதத்தில் வேறு யாரையாவது கேட்டிருப்பாய். நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் அந்த ஐந்து மாதம் நீ யாரையும் கேட்கவில்லை. பட்டியலில் பெயர் கொடுத்ததுகூட நான் விலகிய பிறகுதான். பயந்தது என் குறை, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஐந்து மாதத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. அதைத் திருப்பிக் கொடுக்க எந்தப் பரிசோதனையும் இல்லை.

எடைமேடைக்கு வெளியே நிற்கிற லாரிக்குச் சீட்டு இல்லை என்று எழுதியிருந்தாய். சரிதான்.

தங்கை


ஆகஸ்ட் 11

சுண்டு,

ஒரு மாதத்துக்கு மேலாக இந்தக் கடிதத்தை மனதுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தேன். தையல்காரர் இப்போது வருவதில்லை. வேறு ஊரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த நாற்காலிக்குப் புதிதாக ஒரு பஸ் கண்டக்டர் வந்திருக்கிறார். அவருக்கும் தூக்கம் வருவதில்லை. முதல் நாள் பேச்சுவாக்கில், ‘என் தம்பி தர்றேன்னான் சார், நான்தான் வேண்டாம்னுட்டேன்’ என்றார். ஏன் என்று கேட்டேன். ‘அவனா சொல்லலை. அம்மா சொல்லச் சொல்லி சொன்னான். முகத்தைப் பாத்தாத் தெரியாதா?’ என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். பார்த்தேன், சுண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உன்னிடம் கிட்னி கேட்ட அன்றைக்கு உன் மருமகளின் பிறந்தநாள் சாப்பாடு. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். உன்னைத் தனியாகக் கேட்க எனக்கு நேரமில்லாமல் இல்லை. அன்றைக்குக் காலையில் நீயும் நானும் மட்டும் முக்கால் மணி நேரம் கடைக்கு நடந்து போய்வந்தோம். அப்போது வாயே திறக்கவில்லை. தனியாகக் கேட்டால் நீ யோசிப்பாய். யோசித்தால் மாட்டேன் என்பாய். அதனால் எல்லோரும் உட்காரட்டும் என்று காத்திருந்தேன். உன்னைச் சித்தப்பாவுக்கு எதிரில் உட்காரவைத்ததும் நான்தான். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ‘சுண்டு, டாக்டர் கூடப்பிறந்தவங்கதான் பெஸ்ட்டுங்கறாரு’ என்றேன். பந்தி முழுக்க உன்னைத் திரும்பிப் பார்த்தது. உன் கை நின்றுபோயிற்று. முகம் வெளுத்தது. நான் பார்த்தேன். நீ ‘சரிண்ணா’ என்றாய். சித்தப்பா, ‘ரத்தம்னா ரத்தம்தான்’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் ‘சரிண்ணா’வை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

கேட்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. பாரு, எந்தச் சொல் போட வேண்டும் என்று சரியாகக் கற்றுக்கொண்டுவிட்டேன். அதை முதலில் தாண்டியவன் நான். நீ பொய் சொல்லாமல் வெளியே போவதற்கு ஒரு வாசலைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. இதை உன் அண்ணியிடமும் சொன்னேன். ‘இப்பவாவது தெரிஞ்சுதே’ என்றாள். மூன்று மாதம் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சித்தப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அவர்களுக்கு நீ பிரஷர்காரியாகவே இருந்துவிட்டுப் போ. விசேஷ வீடுகளில் உனக்கு உப்பில்லாமல் தனியாக எடுத்துவைப்பார்கள். வாயைத் திறக்காமல் சாப்பிடு. என்னால் கொடுக்க முடிந்த தண்டனை அவ்வளவுதான்.

அண்ணிக்கு நீயே ஒரு கடிதம் போடு. எனக்கு எழுதிய மாதிரி கணக்கெல்லாம் வேண்டாம். நேராக எழுது.

எனக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது. எடைமேடை வேலையை விட்டாயிற்று. வா என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. வராதே என்று எழுதவும் வரவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 5

அண்ணா,

இதை டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணிக்குக் கடிதம் போட்டிருந்தேன். ஒரே வரியில் பதில் வந்தது. ‘வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு அவர் அங்க இருப்பார், நான் அன்னிக்கு வரமாட்டேன்.’ வேறு ஒன்றும் இல்லை. கோபமா, இடம் விட்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து மணியிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். கதவில் இருக்கும் கண்ணாடி வழியாக உன் கால் மட்டும் தெரிகிறது. நீ இவ்வளவு மெலிந்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. மூன்று முறை கதவுவரை வந்தேன். மூன்று முறையும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். முகத்தைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ வேண்டாம் என்றால் இந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடு. மதியம் பஸ் இருக்கிறது.

நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சுண்டு


(அதே தாளின் பின்பக்கம்)

சுண்டு,

இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருக்கிறது. எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன், பொய். உனக்கும் எனக்கும் இனிமேல் பொய் வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். கண்டக்டர் இன்றைக்கு வரவில்லை, பக்கத்தில் ஸ்டூல் போட்டுவைத்திருக்கிறார்கள். எதுவும் பேச வேண்டாம். நானும் பேசவில்லை.

அந்தக் கதவில் இழு என்று தப்பாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று நின்றுவிடுகிறார்கள். பூட்டவில்லை. தள்ளு.